புகார் - நில்!

பி.காம். படித்தவனிடம் போய், "பூஜ்யத்துக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் பேசுவான். நான் பட்டம் வாங்கிய கையோடு கோட்டாற்றில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நாலு வருஷம் பில் கட்டு பிரித்தவன். புளி மொத்த வியாபாரம், தேங்காய் எண்ணெய்க் கடை, பாத்திரக் கடை, ஜவுளிக் கடை என்று கம்போளத்துக் கணக்கு வழக்கெல்லாம் சாக்குப் பையில் வந்து இறங்கும். புளிக் கடை பில்லைப் பிரித்தால் காகிதத்திலேயே புளி வாசனை அடிக்கும். அதை முகர்ந்து பார்த்தே லாபமா நஷ்டமா என்று சொல்லிவிடுவார் எங்கள் சீனியர் கிளார்க்.

அந்த ஆபீஸில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், 'நில்'. எந்தக் கட்டத்தில் 'நில்' என்று எழுதியிருக்கிறதோ, அந்த இடத்தில் நீயும் நில். நின்று பார்.

ஒரு தடவை ஜவுளிக் கடைக் கணக்கு ஒன்று வந்தது. சேல்ஸ் ரிட்டர்ன் - நில். ஆடிட்டர் ஸார் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "என்னவே அண்ணாச்சி, வருஷம் பூரா ஒரு சட்டை கூடவா திரும்பி வரல? சாயம் போனது, தையல் விட்டது, சைஸ் பத்தாதது... ஒண்ணு கூடவா இல்ல?"

"நம்ம சரக்கு அப்படி ஸார்!" என்றார் அண்ணாச்சி, நெஞ்சை நிமிர்த்தி.

ஆடிட்டர் ஸார் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் என்னைக் கடைக்கு அனுப்பினார். போய்ப் பார்த்தால் கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு: 'விற்ற சரக்கு வாபஸ் பெறப்பட மாட்டாது.' போர்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் உரிக்கிற பாரை மாதிரி மீசையோடு ஓர் ஆள். எவன் ஸார் திருப்பிக் கொண்டு வருவான்?

ஜவுளிக் கடை கதை இங்கே எதற்கு என்கிறீர்களா? போன வருஷம், அதாவது 2025 மே மாதம், என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். சென்னையில் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அக்கா, அவளுக்கு எதிராக இரண்டு காலில் நின்றாள். "போவாண்டாம். இங்க நாகர்கோவில்ல இல்லாத காலேஜா? அந்த அண்ணா யுனிவர்சிட்டி பிள்ளைக்கு நடந்தது மறந்து போச்சா ஒனக்கு?"

யாருக்கும் மறந்திருக்காது. 2024 டிசம்பர் 23 ராத்திரி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு மாணவியும் அவள் நண்பரும் பேசிக்கொண்டிருந்த இடத்தில், வெளியாள் ஒருவன் வந்து மிரட்டி, அவளைப் பாலியல் வன்கொடுமை செய்தான். பக்கத்தில் பிரியாணிக் கடை போட்டிருந்த ஞானசேகரன். மறுநாள் அந்தப் பெண் புகார் கொடுத்தாள். புகார் கொடுத்தாள் என்று இரண்டே வார்த்தையில் நான் எழுதிவிட்டேன். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தத் தைரியத்துக்கு நாம் கொடுத்த பரிசு என்ன தெரியுமோ? அவள் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் இருந்த முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, செல்போன் செல்போனாகச் சுற்றியது.

டிசம்பர் 28-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. விசாரிக்க மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட தனிக் குழு. அறிக்கை கசிந்ததற்காக அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவு. அவள் படிப்பு முடிகிற வரை பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே அந்தப் பெண்ணைக் குறை சொல்வது போல இருக்கிறது என்றும் நீதிபதிகள் கண்டித்தார்கள். 2025 ஜூன் 2-ம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் ஞானசேகரனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குறைந்தது 30 வருஷம், தண்டனைக் குறைப்பு கிடையாது. சம்பவத்திலிருந்து எண்ணினால் ஐந்தரை மாதத்துக்குள் தீர்ப்பு. நம் ஊரில் ஒரு வரப்புத் தகராறு கேஸே தாத்தா போட்டு, பேரன் முடிக்கிற சமாச்சாரம். அந்த வகையில் இது பெரிய விஷயம்தான்.

ஆனால் அக்காவின் கேள்வி தீர்ப்பைப் பற்றியது இல்லையே. "தண்டனை குடுத்தாச்சு, செறி. நாளைக்கு நம்ம பிள்ளைக்கு ஒண்ணுன்னா அந்தக் காலேஜ்காரன் என்ன செய்வான்? அதைச் சொல்லு. நீதான பேப்பர்ல எல்லாம் எழுதுத!"

மாட்டிக்கொண்டேன். நாலு காலேஜ் கையேட்டையும் என் முன்னால் போட்டுவிட்டு அக்கா அவியலுக்குக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

கையேடு படிப்பது எனக்குப் பிடித்த வேலைதான். பாலன்ஸ் ஷீட்டுக்கு அடுத்தபடி மனுஷன் மறைக்க நினைப்பதெல்லாம் வெளியே தெரிகிற இடம் அதுதான். ஒரு காலேஜில் பெண்கள் விடுதிக்கு மாலை ஆறரைக்குள் வர வேண்டும். ஆண்கள் விடுதிக்கு ஒன்பதரை. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, தப்பு பண்ணுறவன் ஒன்பதரை வரைக்கும் வெளிய நிக்கலாம். நான் ஆறரைக்கு உள்ள போயிரணும். இந்தக் கணக்கு டாலி ஆகுதா?"

ஆகவில்லை. ஆகக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே எழுதி வைத்திருக்கிறது. யு.ஜி.சி.யின் 2015-ம் வருஷ விதிமுறைகள், 2016 மே மாதம் அரசிதழில் வந்தவை. பெண்களின் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, ஆண்கள் விடுதிக்கு ஒரு சட்டம், பெண்கள் விடுதிக்கு ஒரு சட்டம் போடக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. வளாகத்தில் விளக்குப் போடு, பஸ் வசதி செய், எங்கே யாரிடம் புகார் கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வை என்கிறது. பூட்டு வாங்குவது சுலபம். பல்பு வாங்குவதற்குத்தான் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள் போலிருக்கிறது.

இந்த விதிமுறையின் பூர்வகதை ராஜஸ்தானில் தொடங்குகிறது. பட்டேரி என்ற கிராமத்தில் பன்வாரி தேவி என்ற அரசு நலத்திட்டப் பணியாளர் ஒரு குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனார். 1992-ல் அதற்காகவே அவரைக் கூட்டாகச் சீரழித்தார்கள். 1995-ல் கீழ்க்கோர்ட்டு குற்றவாளிகளை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலை செய்கிற இடத்தில் ஒரு பெண்ணுக்கு யார் பாதுகாப்பு என்று பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, 1997 ஆகஸ்ட் 13-ல் 'விசாகா' தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு ஆபீஸிலும், கல்வி நிறுவனத்திலும் புகார்க் குழு வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதைச் சட்டமாக்க நம் ஆட்கள் 16 வருஷம் எடுத்துக்கொண்டார்கள். 2013-ல் சட்டம், டிசம்பர் 9-ல் அமல். அதை ஒட்டித்தான் கல்லூரிகளுக்கென்று யு.ஜி.சி. விதிமுறை.

குழு எப்படி இருக்க வேண்டும்? தலைவர் ஒரு சீனியர் பெண் பேராசிரியர். ஆசிரியர் இரண்டு பேர், ஆபீஸ் ஊழியர் இரண்டு பேர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்களே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்த மூன்று பேர். வெளியிலிருந்து ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஷரத்து என்னவென்றால், துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற பெரிய நாற்காலிக்காரர்கள் இந்தக் குழுவில் இருக்கவே கூடாது. கடை முதலாளியே கணக்கு தணிக்கை பண்ணக் கூடாது இல்லையா, அதே தத்துவம்.

கெடுவும் வைத்திருக்கிறார்கள். நடந்த மூன்று மாதத்துக்குள் புகார். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். புகார் வந்த 7 நாளில் எதிராளிக்கு நகல். 10 நாளில் அவர் பதில். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அறிக்கை கைக்கு வந்த 30 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். விசாரணை நடக்கிறபோது அந்த ஆசிரியர் அந்த மாணவியின் பேப்பரைத் திருத்தவோ மார்க் போடவோ கூடாது என்று தடுக்கலாம். 'இன்டர்னல் மார்க்' என்ற ஆயுதத்தைப் பற்றித் தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும். 2018-ல் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரி உதவிப் பேராசிரியை நாலு மாணவிகளுக்குப் போன் போட்டு, பல்கலைக்கழகத்தின் மேலிடத்து ஆட்களுக்கு 'அனுசரித்துப் போனால்' மார்க்கும் பணமும் கிடைக்கும் என்று ஆசை காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அந்த நாலு பேரும் அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு புகார் கொடுத்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. 2024 ஏப்ரல் 30-ல் நிர்மலா தேவிக்கு 10 வருஷச் சிறைத் தண்டனை விதித்தது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு.

சரி, விதி எல்லாம் வைரம். நான் புரட்டிய கல்லூரி ஆண்டறிக்கைகளில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தால், 'இந்த ஆண்டில் வந்த புகார்கள்' என்ற கட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா?

நில். நில். நில்.

தமிழில் படித்தால், புகாரோடு வருகிற பெண்ணைப் பார்த்து 'அங்கேயே நில்' என்று சொல்வது மாதிரியே இருக்கிறது!

எனக்கு உடனே என் வகுப்பில் படித்த ஒரு பெண் ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம், காலேஜ் பெயரும் வேண்டாம். எங்கள் பேட்சிலேயே காஸ்ட் அக்கவுண்டிங்கில் அவளை அடிக்க ஆள் கிடையாது. இரண்டாம் வருஷம் பாதியில் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார்கள். பத்தொன்பது வயசில் என்ன அவசரம் என்று கூட எங்களுக்குத் தோன்றவில்லை. நாஞ்சில் நாட்டில் நல்ல மாப்பிள்ளை வந்தால் பரீட்சை எல்லாம் ஒரு பொருட்டா! பந்தியில் உட்கார்ந்து பிரதமன் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

மூன்று வருஷம் முன்னால் அவளைச் செட்டிகுளம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். மகனை டியூஷனுக்குக் கொண்டு விட வந்திருந்தாள். பழைய கதை பேசும்போது அவளே சொன்னாள். காலேஜ் ஆபீஸில் ஸ்காலர்ஷிப் ஃபாரம் வாங்குகிற ஓர் ஆள். கையெழுத்துப் போடக் குனிந்தால் தோளில் கை வைப்பான். ஒரு நாள் ரெக்கார்டு ரூமுக்கு வரச் சொன்னான். இவள் நேரே பெரிய அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

"நான் சொன்னதும் என்ன செஞ்சாங்க தெரியுமா? எங்கப்பாவுக்குப் போன் போட்டாங்க. அப்பா கடையப் பூட்டிட்டு ஓடி வந்தாரு. அவரு முன்னால வச்சு, 'ஒங்க பொண்ணு இப்படிச் சொல்லுது, அந்த ஆளுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு, யோசிச்சுப் பேசச் சொல்லுங்க'ன்னாங்க. அவன் செஞ்சது கூட எனக்கு இப்ப அவ்வளவு ஞாபகம் இல்ல. எங்கப்பா அந்த ரூம்ல தலையக் குனிஞ்சிட்டு நின்னாருல்லா... அதுதான் இன்னும் மறக்கல. மறுநாள்ல இருந்து காலேஜ் இல்ல."

பையன் ஐஸ் கேட்டு முந்தானையை இழுத்தான். பஸ் வந்தது. போய்விட்டாள்.

விசாகா தீர்ப்பு வந்து பத்து வருஷம் தாண்டிய பிறகு நடந்த கதை இது. அந்த ஆள் ரிட்டயர் ஆகி, பொன்னாடை போட்டு, குரூப் போட்டோ எடுத்து அனுப்பி வைத்தார்களாம். அந்த வருஷம் அந்தக் கல்லூரிக் கணக்கில் புகார்கள் எத்தனை என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பொருளாதாரத்தில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள்: விலை ஏறினால் வாங்குகிற ஆள் குறைவான். புகாருக்கும் ஒரு விலை உண்டு ஸார். அப்பாவின் தலைகுனிவு, பாதியில் நிற்கிற படிப்பு, 'அங்கே அந்த நேரத்தில் உனக்கென்ன வேலை' என்கிற கேள்வி, ஊர் பூராவும் சுற்றுகிற பெயர் - இதுதான் விலை. விலையைத் தாங்க முடியாத உயரத்தில் வைத்துவிட்டு, கவுண்டரில் கூட்டமே இல்லை என்று பெருமைப்பட்டால் எப்படி? 'நில்' என்பது அங்கே தப்பு நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை. அந்த விலையை யாராலும் கொடுக்க முடியவில்லை என்பதற்கான ரசீது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு, கலாக்ஷேத்ரா. 2023 மார்ச்சில் அங்கே ஆசிரியர் ஒருவர் மீது குற்றச்சாட்டுகள் கிளம்பின. உள் விசாரணையில் ஆதாரம் எதுவும் இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது. அதாவது, நம் பாஷையில் நில். மார்ச் 30-ம் தேதி மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மறுநாள் மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் போய், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது சுமார் 90 பேர் எழுதிக் கொடுத்தார்கள். பூஜ்யத்துக்கும் 90-க்கும் நடுவே இருந்தது சில நாட்கள்தான். கேட்கிற ஆள் மாறினார், அவ்வளவுதான்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று குறுகிப் போக வேண்டாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரி நாஸர் என்றொரு டாக்டர். விளையாட்டுப் பெண்களுக்குச் சிகிச்சை என்ற பெயரில் வருஷக்கணக்கில் அத்துமீறியவன். 1997-லேயே சிலர் பல்கலைக்கழகப் பயிற்சியாளரிடம் சொன்னார்கள், எடுபடவில்லை. 2014-ல் ஒரு பெண் முறைப்படி புகார் கொடுக்க, பல்கலைக்கழகம் விசாரித்து, அது மருத்துவம்தான் என்று அவனை விடுவித்தது. 2016-ல்தான் பிடிபட்டான். 2018-ல் 332 பேருக்கு 50 கோடி டாலர் இழப்பீடு தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. 'நில்' என்று எழுதிய பேப்பருக்கு வட்டியும் முதலுமாக வந்த பில்! கணக்குப் பிள்ளையாகச் சொல்கிறேன், புகாரை விசாரிப்பதுதான் மலிவு.

இவ்வளவு நேரம் படித்துவிட்டு, "நமக்கென்ன ஸார், நாம ஆம்பளைங்க, காலேஜும் முடிச்சாச்சு" என்று பக்கத்தைத் திருப்பப் போகிற தம்பிகளுக்கு ஒரு நிமிஷம். பத்துப் பேர் வேலை செய்கிற எந்த ஆபீஸிலும் இதே குழு இருக்க வேண்டும்; சட்டம் அப்படி. தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிற என் நண்பன் ஒருவன் போன மாதம் போன் செய்தான். "லேய் மக்கா, எங்க ஆபீஸ்ல தண்ணி கேன் பின்னால ஒரு போஸ்டர் ஒட்டிருக்கு. கேன மாத்தும்போதுதான் பாத்தேன். அந்தக் குழுவுல என் பேரு இருக்குவே! ரெண்டு வருஷமா இருக்காம். எனக்கே தெரியாது." புகார் கொடுக்க வேண்டிய பெண், தண்ணீர் தீருகிற நாளுக்காகக் காத்திருக்க வேண்டும் போல.

பயலுக்கு அடுத்து ஒரு சந்தேகம். நம் எல்லோருக்கும் வருகிற அதே சந்தேகம்: "பொய்ப் புகார் குடுத்தா என்னல செய்ய?" கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தானே எதிராளிக்கு நகல், பதில் சொல்லப் பத்து நாள், இரண்டு பக்கச் சாட்சி, முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளில் மேல்முறையீடு என்று இவ்வளவு ஏற்பாடு. வேண்டுமென்றே பொய் சொன்னதாக விசாரணையில் தெரிந்தால் அதற்கும் தண்டனை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாமல் போன புகாரையெல்லாம் பொய் என்று சொல்லக் கூடாது என்று விதியே பிரித்து வைத்திருக்கிறது. ரசீது தொலைந்தவன் எல்லாம் திருடன் இல்லையே. டீக்கடை பெஞ்சில் நடக்கிற விசாரணையில் இந்த வசதி எதுவும் கிடையாது. அங்கே பையன் பெயரும் கெடும், பெண் பெயரும் கெடும். ஒழுங்கான குழு இருப்பது நமக்கும் நல்லதுதான். யு.ஜி.சி. விதிமுறை மாணவிகளை மட்டும் சொல்லவில்லை. மாணவர்களில் சிலரும், திருநங்கையரும் இந்தத் தொல்லைக்கு ஆளாகிறார்கள் என்று ஒத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. சீனியர் கையில் சிக்கிய ஜூனியர் பையன் எவனாவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவனுக்கும் அந்தக் கதவு உண்டு.

கையேட்டுக்கு வருவோம். நாலு காலேஜுக்கும் போன் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

முதல் காலேஜில் எடுத்தவர் ரொம்பப் பணிவு. "எங்க காலேஜ்ல அந்த மாதிரி எதுவும் நடக்காதுங்க ஸார். பொண்ணுங்கள நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்டா வச்சிருக்கோம்." பையன்களை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். அக்கா முகத்தில் ஒரு திருப்தி. "பாத்தியா, ஒண்ணுமே நடக்கலியாம்!"

இரண்டாவது காலேஜில் நம்பர் சுழன்றுகொண்டே இருந்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாவதில் ஒரு வயசான அம்மா எடுத்தார். "நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது தம்பி. இன்னும் என் நம்பரையா போட்டிருக்காங்க?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாவம், போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பொண்ணு கூப்பிட்டா. அழுதுக்கிட்டே இருந்தா. புதுசா யாரு பொறுப்புல இருக்காங்கன்னு எனக்கே தெரியல. விடிஞ்சதும் விசாரிச்சு நம்பர் வாங்கிட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன். அவ எடுக்கல" என்றார்.

அக்கா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலேஜ் ஆண்டறிக்கையிலும் 'நில்' என்றுதான் இருந்தது.

நாலாவது. இரண்டாவது மணியிலேயே எடுத்த பெண் குரல், நான் யார் என்று கேட்கவில்லை. "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்றுதான் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். "போன வருஷம் 4 புகார் வந்தது ஸார். மூணு முடிஞ்சாச்சு. ஒண்ணு விசாரணைல இருக்கு. இந்த எண்ணிக்கை எங்க ஆண்டறிக்கையிலயே இருக்கும். யாரு, என்னன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்." மாணவர் பிரதிநிதித் தேர்தல் ஆகஸ்டில் நடக்கும் என்றும் சொன்னார். நன்றி சொல்லி வைத்தேன்.

"கேட்டியாக்கா? இங்கதான் சேக்கணும்" என்றேன்.

அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "ஒனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கால? நாலு பிள்ளைய கண்ணீர் விட்டிருக்கு. அங்க போய் சேக்கச் சொல்லுத! ஒண்ணுமே நடக்காத காலேஜ விட்டுட்டு!"

நான் ஜவுளிக் கடை போர்டு, சேல்ஸ் ரிட்டர்ன், நில் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாக விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "என் பிள்ளை என்ன ஜவுளியால?"

ஆடிட்டர் ஸார் இருந்திருந்தால் கூட இதற்குப் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

அத்தான் அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு ராத்திரி சோற்றில் புளிக்கறியைப் பிசைந்துகொண்டே, "அந்த மூணாவது காலேஜ்ல போன் பண்ணின பிள்ளை... யாரு வீட்டுப் பிள்ளையோ" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் யாரும் காலேஜ் பேச்சே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மருமகள் கேட்டாள்: "மாமா, அந்த நாலாவது டீச்சர் கோவமாப் பேசினாங்களா?"

"இல்ல மக்ளே. சாதாரணமாத்தான் பேசினா. தெனமும் பேசுறவ மாதிரி."

ஜூலையில் சேர்த்தாச்சு. கோட்டாறு ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடப் போனபோது அக்கா தன் செல்போனை என்னிடம் நீட்டினாள். "அந்த டீச்சர் நம்பர இதுல போட்டுக் குடு." என்ன பெயரில் போட வேண்டும் என்று கேட்டேன். 'நாலு டீச்சர்' என்று போடச் சொன்னாள்.